அப்பாவின் படகுக்கு எத்தனை வாட் வேணும்?

நள்ளிரவு தாண்டி ஒரு மணி இருக்கும். பாக் விரிகுடாவில் வலையை இறக்கிவிட்டு, நங்கூரம் போட்டு நின்றிருந்தது ஒரு ஃபைபர் படகு. உள்ளே மூன்று பேர். இரண்டு பேர் கண்ணசந்திருந்தார்கள். படகுக்காரர் மட்டும் முழித்திருந்தார்.

மூங்கில் கம்பின் உச்சியில் கட்டியிருந்த எல்.இ.டி விளக்கு முதலில் மங்கியது. கொஞ்ச நேரம் சிமிட்டியது. பிறகு அணைந்துபோனது. பின்னாலேயே ஜி.பி.எஸ் திரையும் இருண்டது.

பேட்டரி காலி.

கரையில் கரண்ட் போனால் மெழுகுவத்தியைத் தேடலாம். நடுக்கடலில் விளக்கு போனால் அந்தப் படகே இல்லாத மாதிரிதான். பத்து நிமிஷம் போயிருக்காது. தூரத்தில் விசைப்படகு ஒன்றின் இன்ஜின் சத்தம் கேட்டது. சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

"அண்ணே, நம்மளத்தான் பார்த்து வருது!" என்று எழுந்து கத்தினார் ஒருவர்.

படகுக்காரரின் போனில் சார்ஜ் 4 சதவிகிதம். டார்ச்சைப் போட்டுத் தலைக்கு மேல் ஆட்டினார். மற்ற இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். கடைசி நேரத்தில் விசைப்படகு திரும்பியது. அது கிளப்பிய அலையில் ஃபைபர் படகு தூக்கிப்போட்டது. வலையில் பாதி அறுந்துபோனது. மூன்று பேரும் தப்பினார்கள். போனும் அத்தோடு அணைந்தது.

தங்கச்சிமடம் கரையில் அவர் மனைவிக்கு இது எதுவும் தெரியாது. தினமும் விடிகாலை 5 மணிக்கு, "வந்துட்டு இருக்கேன்" என்று ஒரு போன் வரும். அன்று வரவில்லை. இவர் கூப்பிட்டால், 'ஸ்விட்ச் ஆஃப்'. ஒன்பது மணிக்குப் படகு கண்ணில் படும்வரை அந்த அம்மா மணலிலேயே உட்கார்ந்திருந்தார்.

20 கிலோ சுமை

அந்தப் படகில் இருப்பது சின்ன அவுட்போர்டு இன்ஜின். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வது. காரில் இருப்பதுபோல ஓட ஓட பேட்டரியைச் சார்ஜ் செய்கிற அமைப்பு அதில் கிடையாது. விளக்கு, ஜி.பி.எஸ், வயர்லெஸ், செல்போன் எல்லாம் ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான்.

அதனால் தினமும் கரைக்கு வந்ததும் மீனை இறக்குவதைப் போலவே பேட்டரியையும் இறக்க வேண்டும். கிட்டத்தட்ட 20 கிலோ. தோளில் தூக்கி, டி.வி.எஸ் வண்டியில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு, சாயங்காலம் திரும்பத் தூக்கி வர வேண்டும். பகலில் கரண்ட் போனால் அன்றைக்குப் பாதி சார்ஜோடுதான் தொழிலுக்குப் போக வேண்டும். விளக்கு அணைந்த ராத்திரிக்கு முந்தைய பகலிலும் அதுதான் நடந்தது. இடுப்பு வலிக்கு அவர் தைலம் தேய்க்காத நாள் இல்லை.

இத்தனை பாடுபட்டும் ஒரு பேட்டரி ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கியதில்லை. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 7,000 ரூபாய்.

முதல் பேனல்

அந்த ராத்திரிக்குப் பிறகு அவர் யாரிடமும் கேட்கவில்லை. டவுனுக்குப் போய் 100 வாட் சோலார் பேனல் ஒன்றை வாங்கி வந்தார். "பெருசா இருந்தா நல்லதுதானே" என்று நினைத்தார். பேனலின் இரண்டு வயரையும் பேட்டரியின் இரண்டு முனையில் நேராக மாட்டினார். பேனலைப் படகின் அணியத்தில் கட்டினார்.

முதல் வாரம் சந்தோஷம்தான். விடிய விடிய விளக்கு எரிந்தது. பேட்டரியைத் தூக்கும் வேலையும் இல்லை.

அவர் மகள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படிக்கிறார். இரண்டாம் வருஷம், ஹாஸ்டல் வாசம். தீபாவளி லீவுக்கு வந்தவர், படகுப் பக்கம் போனதுமே மூக்கைச் சுளித்தார். அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம்.

"அப்பா, பேட்டரிக்குக் கடைசியா எப்ப தண்ணி ஊத்துனீங்க?"

"அதெல்லாம் மாசத்துக்கு ஒருக்கா பார்த்தாப் போதும் தாயி."

மூடியைத் திறந்தால் உள்ளே தகடுகள் வெளியே தெரிந்தன. தண்ணீர் வற்றிப்போயிருந்தது.

காரணம் இதுதான். '12 வோல்ட் பேனல்' என்று கடையில் சொன்னாலும், வெயிலில் அது 17, 18 வோல்ட் தரும். எதையும் மாட்டாமல் அளந்தால் 21 வோல்ட்டைத் தாண்டும். பேட்டரி நிறைய அந்த அழுத்தம் தேவைதான். ஆனால் நிறைந்த பிறகும் விடாமல் உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தால், பேட்டரியில் உள்ள தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வெளியேறும். அதில் ஹைட்ரஜனும் உண்டு. பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தால் வெடிக்கக்கூடிய வாயு அது.

குடம் நிறைந்ததும் குழாயை மூட ஒரு கை வேண்டும் அல்லவா? அந்த வேலையைச் செய்வது சார்ஜ் கன்ட்ரோலர் என்கிற உள்ளங்கை அளவு பெட்டி. அதைத்தான் அவர் வாங்காமல் விட்டிருந்தார்.

பேனலும் தப்பவில்லை. அணியத்தில் வலை இழுக்கும்போது ஈயக்குண்டு பட்டுக் கண்ணாடி விரிந்திருந்தது. உள்ளே உப்புத் தண்ணீர் இறங்கிவிட்டது.

"பேனலும் போச்சு, பேட்டரியும் போச்சு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "வித்தவன் ஒரு வார்த்தை சொல்லலையே பாப்பா."

"நீங்களும் ஒரு வார்த்தை என்னைக் கேக்கலையேப்பா" என்றார் மகள்.

அதற்கு அவரிடம் பதில் இல்லை.

நோட்டில் போட்ட கணக்கு

அன்று சாயங்காலம் மகள் ஒரு பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார். "எத்தனை வாட் பேனல் வாங்கணும்னு அப்புறம் பார்ப்போம். ஒரு ராத்திரிக்கு நம்ம படகு எவ்வளவு சாப்பிடுதுன்னு முதல்ல சொல்லுங்க."

அப்பா சொல்லச் சொல்ல மகள் எழுதினார்.

கம்பு விளக்கு 5 வாட், 10 மணி நேரம்: 50.
வலை இழுக்கும்போது போடும் விளக்கு 10 வாட், 3 மணி நேரம்: 30.
ஜி.பி.எஸ் 6 வாட், 10 மணி நேரம்: 60.
இரண்டு செல்போன் சார்ஜ்: 30.
கையடக்க வயர்லெஸ் சார்ஜ்: 10.

மொத்தம் 180 வாட் ஹவர். இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 15. அதாவது, ஒரு ராத்திரிக்கு 15 ஆம்பியர் ஹவர். பேட்டரியின் மேல் 'ஏஹெச்' என்று போட்டிருப்பது இந்தக் கணக்கைத்தான்.

"இவ்வளவுதானா? நம்ம பேட்டரி 80 ஆச்சே! அஞ்சு நாள் ஓடணுமே?" என்றார் அப்பா.

அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஈயம்-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்யக் கூடாது. அப்படி அடிக்கடி செய்தாலும், பாதி சார்ஜிலேயே நாள் கணக்கில் போட்டு வைத்தாலும், உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. வருஷா வருஷம் அவர் பேட்டரி செத்ததற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பட்டினிதான்.

இன்னொன்றும் உண்டு. அவர் வாங்கிக்கொண்டிருந்தது கார், லாரிக்கான பேட்டரி. இன்ஜினை ஸ்டார்ட் செய்ய சில நொடிகளுக்கு மட்டும் ஏராளமாக மின்சாரம் தருவதற்காகச் செய்தது. ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவது அதன் பழக்கமில்லை. அதற்கென்று ஆழமாக இறங்கி ஏறக்கூடிய பேட்டரிகள் தனியாக இருக்கின்றன. படகு ஆடும்போது அமிலம் சிந்தாமல் இருக்க, மூடி முத்திரையிட்ட வகையாக இருந்தால் நல்லது. லித்தியம் பேட்டரி எடை குறைவு, அதிக நாள் வரும். ஆனால் அதன் விலையைக் கேட்டதும் அப்பா எழுந்து போய்விட்டார்.

கடைசியில் 75 ஆம்பியர் ஹவர் சீல்டு பேட்டரி என்று முடிவானது. இரண்டு நாள் வானம் மூடினாலும் 30-தான் செலவாகும். பாதிக்கு மேலேயே நிற்கும்.

அடுத்தது பேனல். நம் கடலோரத்தில் ஒரு நாள் வெயிலைத் திரட்டிப் பார்த்தால், உச்சி வெயில் 5 மணி நேரம் அடிப்பதற்குச் சமம். 180-ஐ 5-ஆல் வகுத்தால் 36 வாட்.

"அப்ப 40 வாட் போதுமே?"

"போதாதுப்பா. 36-ங்கிறது காகிதத்துல."

பேனலின் பின்னால் எழுதியிருக்கும் வாட், அதன் செல் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது அளந்தது. நம் ஊர் வெயிலில் பேனல் 60 டிகிரிவரை கொதிக்கும். கூடுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவிகிதம் சக்தி குறையும். படகில் பேனலைச் சூரியனைப் பார்த்துச் சாய்த்து வைக்கவும் முடியாது, படுக்கையாகத்தான் இருக்கும். மேலே உப்புப் படியும். போட்டதெல்லாம் பேட்டரியில் அப்படியே திரும்பியும் வராது. எல்லாம் கழித்தால் எழுதியிருப்பதில் 60 சதவிகிதம் கையில் வந்தால் பெரிது. ஆக, 60 வாட். ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்துக்குக் கொஞ்சம் சேர்த்தால் 80 வாட்.

நாளைக்குப் புதுக் கருவி வந்தாலும் தாங்க வேண்டும். மீன்பிடிப் படகுகளில் செயற்கைக்கோள் தொடர்போடு இயங்கும் டிரான்ஸ்பாண்டர் பொருத்துவதற்காக, ஒரு லட்சம் படகுகளை இலக்காக வைத்து 2024-ல் மத்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. ஆபத்தில் செய்தி அனுப்பும் கருவிக்கும் சோறு போடுவது இதே பேட்டரிதான்.

ஒரு காக்கா எச்சம் போதும்!

80 வாட் என்றால் ஒரே பேனலா? மகள் இரண்டு 40 வாட் பேனல்கள் என்றார். அப்பாவுக்குப் புரியவில்லை.

மறுநாள் கடையில், 40 வாட் பேனல் ஒன்றை வெயிலில் வைக்கச் சொல்லி, பேட்டரியோடு மாட்டி, நடுவில் மீட்டரை இணைத்தார் மகள். 2 ஆம்பியருக்கு மேல் காட்டியது. பிறகு கையிலிருந்த பர்ஸை எடுத்து, பேனலில் இருந்த 36 கட்டங்களில் ஒரே ஒரு கட்டத்தை மறைத்தார். மீட்டர் அப்படியே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழுந்தது.

"இம்புட்டுண்டு மறைச்சதுக்கா!" என்றார் அப்பா.

படகிலிருந்து கரைக்கு வரிசையாக நின்று மீன் கூடையைக் கைமாற்றுவார்களே, அந்த மாதிரிதான் பேனலுக்குள் செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. நடுவில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் மொத்த வரிசையும் நிற்கும். மறைந்த பகுதியைச் சுற்றிப் போக உள்ளே டயோடு வைத்திருப்பார்கள். ஆனால் அப்போது பாதி வோல்ட்தான் மிஞ்சும். அதை வைத்து 12 வோல்ட் பேட்டரியில் ஒரு சொட்டுக்கூட ஏற்ற முடியாது.

கொடிக்கம்பின் நிழல், காயப்போட்ட வலை, காக்கா எச்சம் என எது விழுந்தாலும் இதே கதிதான். இரண்டு பேனல்களைப் பக்கவாட்டில் இணைத்தால், ஒன்று நிழலில் மாட்டினாலும் மற்றது வேலை செய்யும். சின்ன பேனலை வலை இழுக்கும் இடத்தைவிட்டு, பின்பக்கம் தலை உயரத்தில் குழாய்ச் சட்டம் போட்டு மாட்டவும் சுலபம்.

கடைக்காரர் வேறு இரண்டையும் காட்டினார். ஒன்று, வளைகிற பேனல். எடை குறைவு. ஆனால் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் மேற்பரப்பு. சீக்கிரம் கீறும், அடியில் காற்று போகாமல் ஒட்டினால் சூடேறும். இன்னொன்று, மாடியில் மாட்டும் பெரிய பேனல். வாட் கணக்கில் பார்த்தால் மலிவு. ஆனால் அதன் வோல்ட் 35-ஐத் தாண்டும். அதை 12 வோல்ட் பேட்டரிக்கு மாற்ற எம்.பி.பி.டி என்ற விலை கூடிய கன்ட்ரோலர் வேண்டும். சாதாரண கன்ட்ரோலரில் மாட்டினால் பாதிக்கு மேல் வீண். இரண்டு 40 வாட் பேனலுக்கு, 10 ஆம்பியர் சாதாரண பி.டபிள்யூ.எம் கன்ட்ரோலரே போதும்.

அம்மாவின் டப்பா

மாட்டும் வேலையில் அம்மாவும் சேர்ந்துகொண்டார். கன்ட்ரோலரில் உப்புக்காற்று படக் கூடாது என்றதும், சமையலறையிலிருந்து இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். வயர் நுழையக் கீழ்ப்பக்கம் ஓட்டை போட்டு அடைத்தார்கள். பேட்டரியை மட்டும் காற்றோட்டமான தனிப்பெட்டியில், கவிழ்ந்தாலும் அசையாதபடி பட்டை போட்டுக் கட்டினார்கள்.

வீட்டில் மிச்சமிருந்த மெல்லிய வயரை அப்பா எடுத்து வந்தபோது மகள் வாங்கி ஓரமாக வைத்தார். 12 வோல்ட்டில் ஒவ்வொரு வோல்ட்டும் முக்கியம். 5 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 5 ஆம்பியர் போய்வந்தால், வழியிலேயே ஏறத்தாழ ஒரு வோல்ட் காணாமல் போகும். 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் அதில் கால்வாசிதான் இழப்பு. கடல் காற்றில் வெறும் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். ஈயம் பூசிய செம்புக் கம்பியாக இருந்தால் நின்று உழைக்கும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. பேட்டரி முனையை ஒட்டி ஒரு ஃபியூஸ். முனைகளில் வாசலின். முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் மாட்டிவிட்டு, பிறகுதான் பேனலை மாட்ட வேண்டும். கழற்றும்போது பேனல்தான் முதலில்.

கடைசியாக, சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர் ஒன்றை அப்பாவின் கண்ணுக்கு நேராக ஒட்டினார் மகள். பக்கத்தில் பெயின்டில் மூன்றே வரி எழுதினார். '12.6 - முழுசு. 12.2 - பாதி. 12-க்குக் கீழ் - விளக்கையும் ஜி.பி.எஸ்ஸையும் தவிர எல்லாத்தையும் அணை.'

"சாயங்காலம் வெயில் சாய்ஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்கப்பா. வெயில் அடிக்கும்போது பார்த்தா பேனலோட வோல்ட்டைத்தான் காட்டும். அதை நம்பாதீங்க."

61 நாள் தூக்கம்

இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தாய்மாமனிடம் விசைப்படகு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கும். தடை முடிந்து இன்ஜினைத் திருகினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். ஒவ்வொரு வருஷமும் பேட்டரிச் செலவு.

"மருமகளே, எனக்கும் 80 வாட்டா?"

"உங்களுக்கு 20 வாட் போதும் மாமா. நீங்க செலவு பண்ணப் போறதில்ல, சும்மாதானே போட்டு வைக்கப் போறீங்க."

பேட்டரி சும்மா கிடந்தாலும் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும். படகில் அணைக்க மறந்த ஏதாவது ஒரு கருவி சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டும் இருக்கும். ஆகவே முதலில் படகின் வயரைக் கழற்ற வேண்டும். இரண்டு பேட்டரிகளையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு 20 வாட் பேனலும் ஒரு சின்ன கன்ட்ரோலரும் மாட்டினால் போதும். குறைகிறதை அது நிரப்பிக்கொண்டே இருக்கும். மாமா அப்படியே செய்தார். அந்த ஜூன் மாதம் முதல் திருகிலேயே இன்ஜின் உறுமியது.

தினமும் செலவழிக்கும் படகுக்கு ஒரு கணக்கு, தூங்கும் படகுக்கு ஒரு கணக்கு. வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள், வெளியூரில் இருந்துகொண்டு ஊரில் காரை நிறுத்தியிருப்பவர்கள் எல்லோருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. உழைத்துச் செத்த பேட்டரிகளைவிட, கவனிக்க ஆளில்லாமல் பட்டினியில் செத்தவையே அதிகமாக இருக்கும்.

12.7

பேனல் மாட்டி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அதே பேட்டரிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரி தூக்கிய தோளுக்கு ஓய்வு. இப்போது அவர் செய்வதெல்லாம், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் துணியை நனைத்து இரண்டு பேனல்களையும் துடைப்பதுதான். காக்கா வந்து உட்கார்ந்தால் விடமாட்டார். பேனல் மேல் சட்டையைக் காயப்போட்ட பையனுக்கு நல்ல திட்டு விழுந்தது.

மகள் கடைசி வருஷம் படிக்கிறார். முன்பெல்லாம் அப்பா போன் செய்தால் இரண்டு கேள்விதான். "சாப்பிட்டியா? படிக்கிறியா?" பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

இப்போது தினமும் சாயங்காலம் நங்கூரம் தூக்குவதற்குமுன் மகளின் வாட்ஸ்அப்புக்கு ஒரு போட்டோ வரும். மங்கலாக, கொஞ்சம் கோணலாக, மீட்டரின் சிவப்பு எண்கள் மட்டும். 12.7. மழை நாளில் 12.4.

12.3 வந்த ஒரு நாள் ஹாஸ்டலிலிருந்து உடனே போன் வந்தது.

"அப்பா, பேனலைத் துடைச்சீங்களா?"

"துடைச்சேன் தாயி. மூணு நாளா மூட்டம்."

"அப்ப செல்போன் சார்ஜ் ஒண்ணு மட்டும் போடுங்க. கம்பு விளக்கை மட்டும் அணைச்சுறாதீங்க."

"சரிங்க இன்ஜினீயரம்மா" என்றார் அவர்.

மறுநாள் காலை 5 மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. "வந்துட்டு இருக்கேன்."